தன்னலம் நாடாமை: கிறித்தவ வாழ்வில் தன்னலமற்ற அன்பின் பொருள் – பவுலின் முதல் கொரிந்தியர் மடலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ அறவியலில் அன்பு என்பது தன்னலமற்றது என்று பொதுவாக வரையறுக்கப்படுகின்றது. இவ்வரையறைக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்பெறுவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரம். அவ்வதிகாரத்தில் இடம்பெறும் ‘தனக்குரியதைத் தேடாமை’ என்னும் கிரேக்கத் தொடரை அம்மடலின் 8 முதல் 11 வரையிலான அதிகாரங்களோடு இணைத்து வாசிக்கும்போது, அது தன்னை இல்லாமலாக்குதலைக் குறிக்கவில்லை, உரிமை உடையவர் அவ்வுரிமையைப் பிறர் பொருட்டுத் தாமாகவே பயன்படுத்தாது விடுதலைக் குறிக்கின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் அத்தொடரைக் கையாண்ட முறையும் ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: அகாப்பே, தன்னலமறுப்பு, தற்பொழிவு, எக்சூசியா, கொரிந்தியர் மடல், விவிலியத் தமிழ்

முன்னுரை

திருமண வழிபாடுகளிலும் அடக்கச் சடங்குகளிலும் ஆண்டு விழாக்களிலும் மிகுதியாக வாசிக்கப்பெறும் விவிலியப் பகுதிகளுள் ஒன்று 1 கொரிந்தியர் 13. அடிக்கடி வாசிக்கப்படுவதாலேயே அது தன் சூழலிலிருந்து பிரிந்து, தனித்து நிற்கும் ஒரு புகழ்மொழியாக மாறிவிட்டது. ஆனால் பவுல் அதனை வாழ்த்துரையாக எழுதவில்லை. பிளவுற்றுக் கிடந்த ஒரு சபையைத் திருத்தும் பொருட்டு எழுதிய நீண்ட மடலின் நடுவே, வாதத்தின் ஒரு பகுதியாகவே அதனை அமைத்தார். இவ்விரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு இலக்கிய நயம் பற்றியது மட்டுமன்று. தன்னலமற்ற அன்பு என்னும் பெயரால் யாரிடம் எதனைக் கேட்கலாம் என்னும் அறவியல் வினா அதில் அடங்கியுள்ளது.

சொல்லும் அதன் எல்லையும்

கிரேக்க மொழியில் அன்பைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் ‘அகாப்பே’ இறையன்பையும் தன்னலமற்ற அன்பையும், ‘ஃபிலியா’ நட்பையும், ‘எரோஸ்’ விழைவையும் குறிக்கும் என்னும் பாகுபாடு மறையுரைகளிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுள்ளது. இப்பாகுபாட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. எபிரேய விவிலியத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தாவில், 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில், அம்னோன் தன் மாற்றாந்தாய் மகளான தங்கை தாமாரின்மீது கொண்ட, வன்கொடுமையில் முடிந்த இச்சையும் இதே சொல்லால் சுட்டப்படுகின்றது. புதிய ஏற்பாட்டிலும் பரிசேயர் முதன்மை இருக்கைகளை விரும்புவது (லூக்கா 11:43), தேமா இவ்வுலகின்மேல் ஆசை கொண்டு பவுலை விட்டகன்றது (2 தீமோத்தேயு 4:10) ஆகிய இடங்களில் அகாப்பேயின் வினைவடிவமே ஆளப்பட்டுள்ளது. யோவான் நற்செய்தியில் தந்தை மகன்மேல் கொண்ட அன்பு ஓரிடத்தில் அகாப்பேயின் வினையாலும் (3:35), பிறிதோரிடத்தில் ஃபிலியாவின் வினையாலும் (5:20) உரைக்கப்படுகின்றது. ஒரு சொல்லுக்குள்ளேயே இறையியல் முழுவதும் பொதிந்திருப்பதாகக் கருதும் முறையை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலிய மொழியின் சொற்பொருளியல் பற்றிய நூலில் கடுமையாக மறுத்தார். அம்மறுப்பு இன்றும் வலிமை குன்றாதது. எனவே அகாப்பே என்பதன் பொருளைச் சொல்லில் தேடுவதைவிட, அது ஆளப்பட்ட வாதத்தில் தேடுதலே தக்கது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லுக்கு ‘அன்பு’ என்பதை முதன்மையாகத் தேர்ந்தனர். இத்தேர்வு எளிதாகத் தோன்றினும் நுட்பம் உடையது. திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைக்கின்றது. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்னும் கருத்தில் பரிமேலழகர் இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றார். இம்மரபின்படி நோக்கினால், பகைவர்மேலும் செல்ல வேண்டிய கிறித்தவ அன்பிற்கு ‘அருள்’ என்பதே நெருங்கிய சொல்லாகத் தோன்றும். எனினும் கிறித்தவத் தமிழில் அருள் என்னும் சொல் இறைவனின் கொடையைக் குறிக்க வேண்டியதாயிற்று. அன்பு என்னும் சொல் தன் பழைய எல்லையைக் கடந்து விரிய நேர்ந்தது. எச். பவர் தலைமையில் நிகழ்ந்த 1871ஆம் ஆண்டுத் திருத்தத்தை அடியாகக் கொண்ட பழைய மொழிபெயர்ப்பு, பகைவரை நேசிக்கும்படி கூறும் மத்தேயு 5:44இல் ‘சிநேகி’ என்னும் வினையைக் கையாள்கின்றது. அன்பு என்பதைப் பகைவரோடு இணைக்க மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு தயக்கம் இருந்திருக்கலாம். இஃது இக்கட்டுரையாளரின் ஊகமே.

அதே மொழிபெயர்ப்பு யோவான் 21ஆம் அதிகாரத்தில் காட்டும் கவனம் பாராட்டத்தக்கது. உயிர்த்த இயேசு பேதுருவிடம் மும்முறை வினவும் அப்பகுதியில், முதல் இரு வினாக்களில் வரும் அகாப்பேயின் வினையை ‘அன்பாயிரு’ என்றும், மூன்றாம் வினாவிலும் பேதுருவின் விடைகளிலும் வரும் ஃபிலியாவின் வினையை ‘நேசி’ என்றும் பிரித்துக் காட்டுகின்றது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் மறைந்துபோகும் வேறுபாடு இது. மூலத்தில் அவ்வேறுபாடு பொருள் வேறுபாடா, நடை வேறுபாடா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் தீர்ப்பை வாசகரிடம் விட்டுவைத்தமை அம்மொழிபெயர்ப்பின் சிறப்பு.

ஒரே தொடர், மூன்று தமிழ் வடிவங்கள்

இத்தகைய கவனம் எல்லா இடங்களிலும் இல்லை. 1 கொரிந்தியர் 13:5இல் அன்பின் இயல்புகளுள் ஒன்றாகப் பவுல் கூறுவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தனக்குரியவற்றைத் தேடாது’ என்று வரும். ‘தேடுதல்’ என்னும் வினையும் ‘தனக்குரியது’ என்னும் செயப்படுபொருளும் இணைந்த இக்கூட்டு, அதே மடலில் 10:24இலும், பிலிப்பியர் 2:21இலும் சிறு வடிவ வேறுபாட்டோடு வருகின்றது. மூன்றும் பவுலின் ஒரே வழக்கைச் சேர்ந்தவை.

பழைய மொழிபெயர்ப்பில் இவை மூன்றும் மூன்று வடிவங்கள் பெறுகின்றன. 10:24இல் ‘சுயபிரயோஜனம்’, 13:5இல் ‘தற்பொழிவு’, பிலிப்பியர் 2:21இல் ‘தங்களுக்குரியவை’ என்பன அவை. இதனால், 13ஆம் அதிகாரத்தை வாசிக்கும் தமிழ் வாசகர்க்கு அது 10ஆம் அதிகாரத்தில் கூறியதன் தொடர்ச்சி என்பது புலப்படுவதில்லை. மேலும் ‘தற்பொழிவு’ இன்றைய வழக்கில் இல்லாத சொல். பொருள் விளங்காத சொல் பெருமளவு மரியாதை பெறுகின்றது, ஆனால் வாதத்தில் பங்கு பெறுவதில்லை. இதற்கு மாறாக, அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்னும் 8:1இன் கருத்தும் அன்பு இறுமாப்பு கொள்ளாது என்னும் 13:4இன் கருத்தும் பழைய மொழிபெயர்ப்பில் ‘இறுமாப்பு’ என்னும் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டுள்ளன. மூலத்திலும் அவை ஒரே வினையே.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 10:24, 13:5 ஆகிய இரண்டிலும் ‘தன்னலம்’ என்பதையே ஆள்கின்றது. இணைப்பு இங்கு மீண்டும் கிடைக்கின்றது. ஆனால் புதியதொரு சிக்கலும் எழுகின்றது. இன்றைய தமிழில் தன்னலம் என்பது ஒரு குணக்கேட்டின் பெயர். தன்னலம் நாடாமை என்றதும் தீய குணம் ஒன்று இல்லாமை என்று வாசகர் கொள்வர். பவுல் 10ஆம் அதிகாரத்தில் பேசுவது குணக்கேடு பற்றியன்று. நேர்மையாகவே ஒருவர்க்கு உரிய ஒன்றைப் பற்றி அவர் பேசுகின்றார்.

கொரிந்துச் சபையில் இது யாரிடம் கூறப்பட்டது

கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து நகரம், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரால் உரோமைக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. வணிகத்தால் வளர்ந்த நகரம் அது. கி.பி. 50களின் நடுப்பகுதியில் பவுல் எபேசிலிருந்து இம்மடலை எழுதியபோது, அங்கிருந்த சபையில் ஞானிகளும் வலியோரும் உயர்குடியினரும் பலர் இல்லை என்று அவரே குறிப்பிடுகின்றார் (1:26). பலர் இல்லை எனின், சிலர் இருந்தனர் என்பது பெறப்படும். இக்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு 1970களில் கெர்ட் டைசன் எழுதிய ஆய்வுகள் கொரிந்துச் சபையின் பூசல்களைச் சமூக ஏற்றத்தாழ்வின் பின்னணியில் விளக்கின.

8ஆம் அதிகாரத்தின் பூசல் சிலைகளுக்குப் படைத்த இறைச்சி பற்றியது. சிலை என்பது ஒன்றுமில்லை என்னும் ‘அறிவு’ உடையோர் அதனை அச்சமின்றி உண்டனர். அவ்வறிவு இல்லாத ‘வலுவற்றோர்’ மனம் கலங்கினர். டைசனின் விளக்கப்படி, இறைச்சி உண்ணுதல் செல்வர்க்கு வழக்கமான ஒன்று. வறியோர்க்கோ அது பெரும்பாலும் கோயில் விழாக்களில் மட்டுமே கிட்டியது. ஆகவே இறைச்சியையும் சிலை வழிபாட்டையும் வறியோரால் எளிதில் பிரித்துப் பார்க்க இயலவில்லை. இங்குப் பவுல் யாரைக் கண்டிக்கின்றார் என்பதே முதன்மையானது. அறிவுடையோரின் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அவர்கள் கூறுவது சரியே என்கின்றார். அவர்களுக்கு உண்ணும் ‘எக்சூசியா’, அதாவது உரிமை அல்லது அதிகாரம், உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கின்றார். அவ்வுரிமை வலுவற்றவர்க்குத் தடையாகிவிடக் கூடாது என்பதே அவர் கேட்பது (8:9).

அடுத்து 9ஆம் அதிகாரத்தில் பவுல் தன்னையே சான்றாக நிறுத்துகின்றார். பலர் இவ்வதிகாரத்தை ஓர் இடைப்பிறவரலாகக் கருதுவர். அவ்வாறன்று. திருத்தூதர் என்னும் நிலையில் சபையிடமிருந்து வாழ்வூதியம் பெறும் உரிமை தமக்கு உண்டென்று அவர் வரிசையாகச் சான்றுகள் அடுக்கி நிறுவுகின்றார். படைவீரன், திராட்சைத் தோட்டக்காரன், மேய்ப்பன், போரடிக்கும் மாடு என்று சான்றுகள் நீள்கின்றன. இவ்வளவு முயன்று நிறுவிய உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்று முடிக்கின்றார் (9:12, 15). உரிமையே இல்லையென்றால் அதனை விடுவதற்குப் பொருளில்லை. அதனாலேயே விடுவதற்கு முன் நிறுவ வேண்டியிருந்தது. இவ்வாதத்தின் முடிவில், 10:24இல், ஒவ்வொருவரும் தமக்குரியதைத் தேடாது பிறர்க்குரியதைத் தேட வேண்டும் என்னும் அறிவுரை வருகின்றது.

11ஆம் அதிகாரத்தில் சூழல் இன்னும் வெளிப்படையாகின்றது. ஆண்டவரின் விருந்துக்குக் கூடுகையில் ஒவ்வொருவரும் தம் சொந்த விருந்தை முந்தி உண்கின்றனர். ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் வெறித்திருக்கின்றார். ஒன்றுமில்லாதவரை நாணச் செய்கிறீர்களா என்று பவுல் சினந்து வினவுகின்றார். ‘சொந்த விருந்து’, ‘ஆண்டவரின் விருந்து’ என்னும் முரண் இங்கு அவர் வைப்பது. பின்வரும் 13ஆம் அதிகாரத்தின் ‘தனக்குரியவற்றைத் தேடாது’ என்பதைக் கொரிந்தியர் கேட்டபோது அவர்கள் நினைவில் எழுந்திருக்கக் கூடியது நுண்ணிய உளவியல் அன்று. முந்தி உண்டு தீர்த்த உணவும், தாமதமாக வந்து வெறுங்கையோடு நின்ற முகங்களுமே.

ஈகமும் அன்பும் ஒன்றா?

தன்னலமற்ற அன்பைத் தன்னையழித்தலோடு ஒன்றாக்கும் வாசிப்புக்கு 13ஆம் அதிகாரமே இடந்தரவில்லை. தம் உடைமை அனைத்தையும் பகிர்ந்தளித்து, உடலையும் கையளித்தாலும், அன்பு இல்லையெனில் பயனில்லை என்று 13:3 கூறுகின்றது. அவ்வாறாயின் அன்பில்லாத ஈகம் உண்டு. தன்னைக் கொடுத்தல் அன்பின் வெளிப்பாடாக அமையலாம், ஆனால் அதுவே அன்பு ஆகாது.

இவ்வடியின் மூலபாடத்தில் ஒரு வேறுபாடு உள்ளது. தமிழில் வழங்கும் இரு மொழிபெயர்ப்புகளும் உடலை எரிக்கக் கொடுத்தல் என்னும் பாடத்தைப் பின்பற்றுகின்றன. ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் 46ஆம் எண் பப்பிரசும், சினாய், வத்திக்கான் சுவடிகளும் ‘பெருமை கொள்ளும்படி’ உடலைக் கொடுத்தல் என்று காட்டுகின்றன. கிரேக்கத்தில் ஓரெழுத்து மாற்றமே இது. பெருமை கொள்ளுதல் பவுலின் சொற்களுள் அடிக்கடி வருவதாலும், சுவடிகளின் தொன்மையாலும் பின்னதே மூலமாதல் கூடும். அப்பாடத்தை ஏற்றால், உடலையே கொடுத்தலும் தன்னைத் தேடுதலின் ஒரு வடிவம் ஆகலாம் என்னும் கூர்மை இவ்வடிக்கு வந்துவிடுகின்றது.

எருசலேம் ஏழைகளுக்கான நிதி பற்றிப் பவுல் பின்னர் எழுதியதும் இங்குக் கருதத்தக்கது. பிறர்க்குத் துயர்நீக்கமும் உங்களுக்குச் சுமையும் உண்டாக வேண்டுமென்பது நோக்கமன்று, சமநிலை உண்டாக வேண்டும் என்பதே நோக்கம் என்கின்றார் (2 கொரிந்தியர் 8:13–14). கொடுப்பவர் இல்லாமற்போவதை அவர் விரும்பவில்லை.

நைகிரனின் வரையறையும் அதன் மறுப்புகளும்

இருபதாம் நூற்றாண்டில் தன்னலமற்ற அன்பு பற்றிய விவாதத்தை வடிவமைத்தவர் சுவீடிய இறையியலர் ஆண்டர்ஸ் நைகிரன். 1930, 1936 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த தம் நூலில் எரோஸையும் அகாப்பேயையும் முற்றிலும் எதிரெதிரான இரு நெறிகளாக நிறுத்தினார். எரோஸ் தனக்கு நன்மை தேடி மேலேறுவது. அகாப்பே எக்காரணமும் நோக்காது கீழிறங்குவது, பெறுபவரின் மதிப்பைக் கருதாதது, மதிப்பை உண்டாக்குவது. இரண்டையும் ‘காரித்தாஸ்’ என்னும் கருத்தில் கலந்தவர் அகுஸ்தீன் என்றும், அக்கலவையைப் பிரித்தவர் லூத்தர் என்றும் வரலாற்றை வகுத்தார். தன்மேல் கொள்ளும் அன்புக்கு இவ்வமைப்பில் நல்ல இடம் எதுவும் இல்லை.

நைகிரனின் தெளிவு கவர்ச்சியானது. ஆனால் அத்தெளிவுக்கு அவர் கொடுத்த விலை மிகுதி. உன்னைப் போல் பிறனையும் நேசி என்னும் பொருள்படும் லேவியர் 19:18இன் கட்டளையை இயேசு இரண்டாம் பெருங்கட்டளையாகக் கொண்டமையை அவரது அமைப்பு முழுமையாக ஏற்க இயலாது. கீர்க்ககோர் 1847இல் எழுதிய அன்பின் செயல்கள் பற்றிய நூலில் இக்கட்டளையை இன்னும் நுட்பமாகக் கையாண்டிருந்தார். ‘உன்னைப் போல்’ என்பது தன்னலத்தைப் பிடுங்கியெறிகின்றது, அதே வேளையில் தன்னை முறையாக நேசிக்கவும் கற்பிக்கின்றது என்பது அவர் கருத்து. கத்தோலிக்கத் தரப்பில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005இல் கையொப்பமிட்ட முதல் சுற்றுமடல் எரோஸும் அகாப்பேயும் முற்றிலும் பிரிக்க இயலாதவை என்று விளக்கியது.

இவற்றைவிடக் கூரிய மறுப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1960இல் வாலரி செய்விங் எழுதிய கட்டுரை, நைகிரனும் ரைனோல்ட் நீபூரும் மனிதப் பாவத்தைச் செருக்கு என்றும் அதற்கு மருந்தைத் தன்னலமறுப்பு என்றும் வரையறுத்தது ஆண்களின் அனுபவத்தை மட்டுமே தழுவியது என்று சுட்டியது. பிறர்க்காகவே வாழப் பழக்கப்பட்ட பெண்ணுக்கு நேரும் கேடு செருக்கன்று, தன்னை உருவாக்கிக்கொள்ளாமை. அவளிடம் மேலும் தன்னை மறுக்கச் சொல்வது நோயையே மருந்தாகக் கொடுப்பதாகும். செய்விங் பவுலை விளக்க முற்படவில்லை. ஆயினும் கொரிந்தியர் மடலை அதன் சூழலில் வாசித்தால், அவருடைய மறுப்பு பவுலைவிட நைகிரனையே தாக்குகின்றது என்பது தெளிவாகும். பவுல் உரிமையைக் கைவிடக் கேட்டது, முந்தி உண்டவரிடம்தான். காத்து நின்றவரிடம் அவர் அதைக் கேட்கவில்லை.

உரிமையற்றோரிடம் கேட்கப்படும் அன்பு

குடும்ப வாழ்வில் இவ்வினா உயிரோட்டமானது. வன்முறை நிறைந்த மணவாழ்வை அன்பின் பெயரால் தாங்குமாறு பெண்ணிடம் கூறப்படும் ஒவ்வொரு முறையும், எல்லாவற்றையும் தாங்கும் அன்பு என்னும் 13:7இன் கருத்தே துணைக்கு அழைக்கப்படுகின்றது. ஆனால் எபேசியர் மடலின் 5ஆம் அதிகாரத்தை நோக்கினால் ஒரு செய்தி வெளிப்படும். கிறிஸ்து சபைக்காகத் தம்மைக் கையளித்ததுபோல் அன்புகூர வேண்டும் என்னும் கட்டளை அங்குக் கணவர்க்கு இடப்படுகின்றது (5:25). மனைவியர்க்குக் கூறப்படுவது பணிதல். அப்பணிதல் தனியே விவாதிக்கப்பட வேண்டியது, அம்மடல் பவுலே எழுதியதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தன்னையே கொடுக்கும் அன்பு அக்காலக் குடும்பத்தில் அதிகாரம் பெற்றிருந்தவரிடமே கோரப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. பவுல் எழுதியதில் ஐயமில்லாத 1 கொரிந்தியர் 7:4 இன்னும் ஒரு படி செல்கின்றது. எக்சூசியாவின் வினைவடிவத்தை ஆண்டு, கணவன் மனைவி இருவர்க்கும் ஒருவர் உடல்மேல் மற்றவர்க்கு உரிமை உண்டு என்று சமமாக வைக்கின்றது.

இவ்வாதத்துக்கு எதிரான கடினமான சான்று 1 பேதுரு 2:18–25. அங்கு வீட்டு அடிமைகள் கொடிய தலைவர்க்கும் பணிந்து, கிறிஸ்துவைப்போல் அநியாயமாகத் துன்புற அழைக்கப்படுகின்றனர். அப்பகுதியில் அகாப்பே என்னும் சொல் இல்லை என்று கூறித் தப்புவது எளிது. ஆனால் சொல்லில் மட்டும் பொருளைத் தேடலாகாது என்று மேலே கூறிய பின் அவ்வழியை நாடுதல் முறையன்று. உரிமையற்றோரிடம் பொறுமையைக் கேட்கும் குரல் புதிய ஏற்பாட்டிலேயே உண்டு. அதனைப் பவுலின் கொரிந்து வாதத்தோடு ஒன்றாக்காது வேறாகவே வைத்து ஆராய்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், எல்லா உரிமையும் பறிக்கப்பட்டவரால் தன்னலமற்ற அன்பு கொள்ள இயலாதோ என்னும் வினா எழும். 1941ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் அவுஷ்விட்சு வதைமுகாமில் கைதி ஒருவர் தப்பியதற்குத் தண்டனையாகப் பத்துப் பேர் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பிரான்சிசேக் காயோவ்னிச்செக் தம் மனைவி மக்களை எண்ணிக் கதறினார். வரிசையில் நின்ற பிரான்சிஸ்கன் துறவி மாக்சிமிலியன் கோல்பே, அவர்க்கு மாற்றாகத் தாம் செல்வதாக முன்வந்தார். ஆகஸ்டு 14 அன்று நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். 1982இல் கோல்பே புனிதராக உயர்த்தப்பட்ட நிகழ்வில் காயோவ்னிச்செக் கலந்துகொண்டார். முகாமில் கோல்பேக்கு எஞ்சியிருந்தது ஒன்றே. தேர்ந்தெடுக்கப்படாமை என்னும் தற்செயலால் கிட்டிய அன்றைய உயிர். அதனை யாரும் அவரிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது இன்னொரு தண்டனையாகவே இருந்திருக்கும். தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமே அதனைக் கொடுப்பதாக இயேசு கூறும் யோவான் 10:18இல், கொடுப்பதற்கான ஆற்றலைக் குறிக்க நிற்கும் சொல்லும் எக்சூசியாவே. பழைய மொழிபெயர்ப்பு அதனை ‘அதிகாரம்’ என்கின்றது. கொரிந்தியர் 8:9இல் இறைச்சி உண்போரின் உரிமைக்கும், 9:12இல் பவுல் பயன்படுத்தாது விட்ட உரிமைக்கும் அது ஆள்வதும் இதே சொல்லைத்தான்.